வண்டிக்கு ஆவி பிடித்த கதை

ரசம் யார் வைத்தது என்று கேட்டுக்கொண்டு பந்தியிலிருந்து எழுந்து சமையல்கட்டுக்குப் பின்னால் வருகிற ஆட்களை நான் இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறேன், தம்பி. ஒருவன் கும்பிட வருகிறவன். இன்னொருவன் அடிக்க வருகிறவன். நீங்கள் கைகூடக் கழுவாமல் வந்திருக்கிறீர்கள், முகத்திலும் சிரிப்பு இருக்கிறது. அதனால் முதல் வகை. உட்காருங்கள். அந்தத் தேங்காய்க் கூடையைத் தள்ளிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு நாற்காலி இருக்கிறது, பாருங்கள், கை வைத்த நாற்காலி. பொள்ளாச்சி வட்டாரத்தில் வேறு எந்தச் சமையல் மாஸ்டருக்கும் இப்படி ஒரு நாற்காலி கிடையாது.

ரசம் என்னுடையதுதான். சென்னியப்பன் மாஸ்டர் என்றால் இந்த ஊரில் குழந்தைகூட வழி சொல்லும். கரண்டி பிடித்த கை என் மைத்துனன் நாச்சிமுத்துவுடையது. ஆனால் உத்தரவு என்னுடையது. நான் குடித்துப் பார்த்து, இன்னும் ஒரு கை என்றால் இன்னும் ஒரு கை. போதும் என்றால் போதும். இதுவரை போதும் என்று சொன்னதில்லை, அது வேறு விஷயம்.

ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த ரசம் இப்படி வந்ததற்குக் காரணம் நான்கூட இல்லை. அதோ, தண்ணீர்த் தொட்டி நிழலில் நிற்கிறதே வெள்ளைக் கார், அதுதான் காரணம். சிரிக்காதீர்கள். அது டர்போ வண்டி.

டர்போ என்றால் என்ன என்று தெரியுமா? தெரியாதென்றால் வெட்கப்பட வேண்டாம், வாங்கும்போது எனக்கும் தெரியாது. விற்ற பையன் ஆங்கிலத்தில் என்னவோ சொன்னான். நான் கேட்டேன், "கண்ணு, இது அடுப்புக்கு ஊதுகுழல் மாதிரிதானே?" அவன் யோசித்துவிட்டு ஆமாம் என்றான். எஞ்சினில் எரிந்து வெளியே போகிற புகையே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றுகிறது. அந்தச் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் ஊதுகிறது. காற்று அதிகம் போனால் பெட்ரோலும் அதிகம் போகலாம், தீயும் அதிகம் எரியலாம். வண்டி ஆழியாறு மேட்டில் ஆடு மாதிரி ஏறும். ஆயுள் முழுக்க ஊதுகுழலோடு வாழ்ந்தவன் நான், எனக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி உண்டா? வாங்கிவிட்டேன்.

வாங்கிய வருஷம்தான் எனக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. ஊரில் எல்லோருக்கும் வந்ததே, அதே காய்ச்சல்தான். எனக்கு லேசாகத்தான் வந்துபோனது. பின்னாலேயே கொஞ்சம் சளி. அந்தச் சளி இன்னும் முழுதாக விடவில்லை, ஆனால் தொந்தரவு ஒன்றும் கிடையாது.

நான் சொல்ல வந்தது கலப்படத்தைப் பற்றி. அந்த வருஷத்திலிருந்து நாட்டில் கலப்படம் தாங்க முடியவில்லை, தம்பி. முதலில் பெருங்காயம். எங்கள் தொழிலில் ரசத்துக்குக் கடைசியாகக் காயத்தண்ணீர் விடுவோம், ரசம் நுரை கட்டி மேலே வரும்போது. அதற்குக் கடைசிக் கை என்று பெயர். என் சமையல்கட்டில் யார் வேண்டுமானாலும் புளி கரைக்கலாம், பருப்பு கடையலாம். கடைசிக் கை மட்டும் மாஸ்டருடையது. என் குருநாதர் காலத்திலிருந்து அப்படித்தான். கடைசிக் கையை விட்டுக்கொடுத்தவன் மாஸ்டர் இல்லை, அவன் வேலையாள். அப்படிப்பட்ட நான் கட்டியை உடைத்து ஊறவைத்து முகர்ந்தால், கோதுமை மாவு மாதிரி இருக்கிறது. ஒரு மணமும் இல்லை. கடையை மாற்றினேன். அங்கேயும் அப்படித்தான். கோயமுத்தூர் ரங்கே கவுடர் வீதிக்கே போய், செட்டியார் கல்லாவுக்கு முன்னாலேயே டப்பாவைத் திறந்து முகர்ந்துவிட்டு, "என்னங்க செட்டியார், மாவை அடைச்சு விக்கறீங்களா?" என்று கேட்டேன். அவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மூடுங்க மாஸ்டர், மூடுங்க, கஸ்டமர் ஓடிருவாங்க" என்றார். நடிப்பு. வியாபாரிக்கு நடிக்கச் சொல்லியா தர வேண்டும்?

பிறகு மல்லிகை. என் வீட்டுக்காரி தெய்வானை தலை நிறைய வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாள், காகிதப் பூ மாதிரி இருக்கும். பிறகு சோப்பு, ஊதுபத்தி, மண்ணெண்ணெய். மண்ணெண்ணெயில்கூடக் கலப்படம் செய்கிறார்கள் என்றால் நாடு எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காயத்தில் சத்தில்லை என்றால் ஒரு நல்ல மாஸ்டர் என்ன செய்வான்? அளவைக் கூட்டுவான். கூட்டினேன். போதவில்லை. இன்னும் கூட்டினேன்.

அந்த ஆவணியில் உடுமலையில் ஒரு கல்யாணம். முதல் பந்தியில் ரசம் போய்க்கொண்டிருக்கிறது. மாப்பிள்ளையின் சித்தப்பா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கம் வந்தார். நான் சொன்னேனே, இரண்டாம் வகை.

"ரசம் வெச்சது யாருங்க?"

"நான்தானுங்க."

"மாட்டுக்கு வெச்சதா, மனுசனுக்கு வெச்சதா? ஒரு வாய் குடிச்சேன், காது வழியா வருது. எங்கம்மா பாதிச் சாப்பாட்டுல இலையை மூடிட்டு எந்திரிச்சிட்டாங்க. கல்யாண வீட்டுல பெரிய மனுசி இலையை மூடிட்டு எந்திரிக்கலாமா?"

நான் திரும்பி என் ஆட்களைப் பார்த்தேன். எல்லோரும் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். பாத்திரம் கழுவுகிற பொன்னாத்தாள் கழுவின அண்டாவையே மறுபடியும் கழுவினாள். நாச்சிமுத்துதான் முன்னால் வந்தான். என் மனைவியின் தம்பி, என்னிடமே தொழில் படித்தவன். எனக்கு எதிராக வாய் திறக்க மாட்டான்.

"கோவிச்சுக்காதீங்க பெரியவரே. மச்சானோட கார் இங்கதான் நிக்குது. பெட்ரோல் வாடை ஓவரா அடிக்குது. அதுதான் ரசத்துல ஏறிருச்சு போல."

சித்தப்பா காரின் பக்கம் போனார், மூக்கைச் சுளித்தார், "ஆமாம்பா, குப்புன்னு அடிக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நானும் போய்ப் பார்த்தேன். குனிந்து, சைலன்சருக்குப் பக்கத்திலேயே முகத்தை வைத்து முகர்ந்தேன். ஒன்றுமே இல்லை. ஆனாலும் நாலு பேர் சொல்லும்போது மறுக்கக் கூடாது என்று விட்டுவிட்டேன். நாற்பது வருஷப் பெயர், தம்பி. ஒரு காருக்காகக் கெட வேண்டுமா? கடைசிக் கை சுத்தமாக இருக்க வேண்டுமென்றால் முதலில் வண்டியைச் சரி பண்ண வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

கோயமுத்தூர் உக்கடத்தில் ஹக்கீம் பாய் என்று ஒரு மெக்கானிக். பெயருக்கேற்ற மாதிரி வைத்தியன்தான், ஆனால் வண்டிக்கு. பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, சின்ன டி.வி. மாதிரி ஒரு மிஷினை வயரால் சொருகிப் பார்த்துவிட்டு ஹக்கீம் சொன்னான்:

"மாஸ்டர், வண்டி ரொம்ப ரிச்சா ஓடுதுங்க."

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று கேட்காதீர்கள். அவன் மேலே ஏதோ சொல்ல வந்தான், நான் விடவில்லை. கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த மாதம் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன், மெக்கானிக்கே மிஷின் வைத்துப் பார்த்துவிட்டு ரிச்சாக ஓடுகிறது என்கிறான் என்று. மண்டப மேனேஜரிடம் சொன்னேன். ஐயரிடம் சொன்னேன். வண்டிக்குள் டயல் பக்கத்தில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று எந்நேரமும் எரிந்துகொண்டிருந்தது. ரிச்சான வண்டி, அதற்கேற்ற விளக்கு என்று நினைத்து, அதற்குமேல் சின்னதாக ஒரு முருகன் ஸ்டிக்கர் ஒட்டினேன். பின்னாலிருந்து வெளிச்சம் வந்து முருகனைச் சுற்றி ஒளிவட்டம் மாதிரி அழகாக இருந்தது.

தெய்வானைதான் கேட்டாள். "ஏனுங்க, ரிச்சா ஓடுதுன்னு ஊரெல்லாம் சொல்றீங்களே, அப்புறம் எதுக்குங்க பெட்ரோல் பங்க்லயே குடியிருக்கறீங்க? பின்னால வர்றவன் மூஞ்சியெல்லாம் கரி. நேத்து பால்காரன் திட்டிட்டுப் போறான்."

அது நியாயம்தான். வண்டி குடித்தது. குடித்ததைக் கக்கவும் செய்தது. நாச்சிமுத்துவைக் கூட்டிக்கொண்டு மறுபடி உக்கடம் போனேன்.

ஹக்கீம் தலையில் கைவைத்தான். "அன்னிக்கே சொல்ல வந்தேன், கையைக் குலுக்கிட்டுப் போயிட்டீங்க. மாஸ்டர், ரிச்சுன்னா பணக்காரன்னு அர்த்தம் இல்லீங்க. இவ்வளவு காத்துக்கு இவ்வளவு பெட்ரோல்னு ஒரு கணக்கு இருக்குது. அதுக்கு மேல போனா ரிச். கம்மியா போனா லீன். உங்க வண்டியில பெட்ரோல் கணக்குக்கு மேல போகுது."

"காஸ் அடுப்பு மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடிக்கிற மாதிரியா?"

"அதேதானுங்க."

"சரி, அந்தக் கணக்கை யார் பார்ப்பது?"

"உள்ளே கம்ப்யூட்டர் இருக்குது. ஆனா அதுக்குக் கண்ணும் இல்லை, நாக்கும் இல்லை. ஒரே ஒரு மூக்குதான். ஆக்சிஜன் சென்சார்னு பேரு. டர்போவுக்கு அந்தப் பக்கம், புகை போற குழாய்ல சொருகியிருக்கும். எரிஞ்சு வெளிய வர்ற புகையில ஆக்சிஜன் மிச்சம் இருக்குதான்னு மோந்து பாக்கும். மிச்சம் இருந்தா, பெட்ரோல் பத்தலைன்னு சொல்லும். கம்ப்யூட்டர் கொஞ்சம் கூட்டும். மிச்சம் இல்லைன்னா, போதும்னு சொல்லும். அது குறைக்கும். இப்படியே கூட்டிக் குறைச்சு, கூட்டிக் குறைச்சு ஓடணும். உங்க வண்டியில மூக்கு செத்துப்போச்சு. புகையில பெட்ரோலா வந்தாலும் அதுக்குத் தெரியறதில்லை. பத்தலை, பத்தலைங்குது. கம்ப்யூட்டர் பாவம், அதை நம்பி ஊத்திட்டே இருக்குது. சாதா வண்டியா இருந்தா இவ்வளவு தெரியாது. இது டர்போ. காத்தை அமுக்கி அமுக்கி அனுப்புது, அதுக்கேத்தாப்ல பெட்ரோலும் அதிகம். அளவு பெருசா இருந்தா தப்பும் பெருசா இருக்கும்."

நான் சிரித்துவிட்டேன். சிரித்து முடிக்கவே நேரம் பிடித்தது.

"ஏம்ப்பா ஹக்கீம், இதைக் கண்டுபிடித்தவன் படித்தவனா? ஒருத்தன் மோந்து பார்த்துப் பத்தலை என்கிறான். உடனே அள்ளி அள்ளி ஊற்றுவதா? பின்னால் வருகிறவனெல்லாம் இருமுகிறான், பால்காரன் திட்டுகிறான், வீட்டுக்காரி மூக்கைப் பொத்துகிறாள். இத்தனை பேர் சொல்வதை விட்டுவிட்டு ஒரு செத்த மூக்கு சொல்வதைக் கேட்பானா ஒருத்தன்? முதலில் அந்த மூக்கு உயிரோடு இருக்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டாமா? என் சமையல்கட்டில் இப்படி ஒரு கூத்து நடக்குமா? சொல்லு மாப்ளே, நடக்குமா?"

நாச்சிமுத்து கீழே கிடந்த ஜாக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹக்கீம் நாச்சிமுத்துவைப் பார்த்தான். நாச்சிமுத்து நிமிர்ந்து, "எப்படிங்க மச்சான் நடக்கும்?" என்றான். அவனுக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும், கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

புது மூக்கு சென்னையிலிருந்து வர வேண்டும், கொஞ்சம் நாளாகும் என்றான் ஹக்கீம். அதுவரை சும்மா இருக்க முடியுமா? கல்யாணங்கள் வரிசையாக இருந்தன. செத்த மூக்கு என்கிறான், ஆனால் மூக்கு எப்படிச் சாகும்? அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். நானும் தினம் அதற்குத்தானே வைத்தியம் செய்துகொண்டிருந்தேன்? பெரிய குண்டானில் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். நொச்சி இலை, மஞ்சள், கொஞ்சம் நீலகிரித் தைலம். பானெட்டைத் திறந்து, குண்டானை முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் தூக்கி வைத்து, பந்தி ஜமுக்காளம் ஒன்றை எடுத்து மேலே இழுத்து மூடிவிட்டேன். பவானி ஜமுக்காளம், கெட்டி நெய்தல், ஆவி வெளியே போகாது.

எதிர்வீட்டுப் போஸ்ட்மாஸ்டர், ரிட்டயர் ஆனவர், கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன மாஸ்டர், வண்டிக்குக் காய்ச்சலா?"

"இல்லீங்க, மூக்கடைப்பு."

"ராத்திரி பனியில நிறுத்தியிருப்பீங்க."

"ஷெட்டுக்குள்ளதானுங்க நிக்குது."

"அப்ப வெளியே எங்கயோ குளிர்ந்த பெட்ரோல் குடிச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். விவரமான மனிதர்.

வண்டிக்குத் தனியாக ஒரு குண்டான், எனக்குத் தனியாக ஒரு குண்டானா, அடுப்பு வேஸ்ட்டாகிறதே என்று நானும் ஜமுக்காளத்துக்குள் தலையை விட்டுக்கொண்டேன். உள்ளே ஒரே இருட்டு. எஞ்சினும் நானும் முகத்துக்கு முகம். வெளியே தெய்வானை வந்து நிற்கிற கொலுசுச் சத்தம் கேட்டது.

"ஏனுங்க."

"ம்."

"ஏதாச்சும் தெரியுதுங்களா?"

"தெரியுதே."

"என்ன தெரியுது?"

"சூடு" என்றேன்.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு கொலுசு உள்ளே போயிற்று.

ஆவி பிடித்து வண்டிக்குக் குணமாகவில்லை. ஜமுக்காளம்தான் கறுத்தது. அடுத்தடுத்த கல்யாணங்களில் வண்டியை மண்டபத்துக்கு வெகுதூரம் தள்ளி நிறுத்தினேன். அப்படியும் இலையில் ரசம் மிஞ்சியது. "காத்து இந்தப் பக்கமா அடிக்குதுங்க மச்சான்" என்றான் நாச்சிமுத்து. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அந்த மாதிரியே ஆனது. வேறு யாராவது என்றால் சந்தேகப்பட்டிருப்பார்கள். நான் என் ஆளை நம்புகிறவன்.

புது சென்சார் வந்தது. ஹக்கீம் பழையதைக் கழற்றிக் கையில் வைத்துக் காட்டினான். கட்டைவிரல் அளவு இருந்தது. நுனியில் ஓட்டைகள் வைத்த ஒரு தொப்பி, அதில் அடுப்புக்கரி மாதிரி கரி படிந்திருந்தது.

"இதுவா இத்தனை பேரை ஏமாற்றியது?" என்றேன்.

"ஏமாத்தலீங்க மாஸ்டர். அது பொய் சொல்லலை. தனக்கு என்ன தெரிஞ்சுதோ அதைத்தான் சொல்லுச்சு. ஒண்ணும் தெரியலை, அதனால பத்தலைன்னு சொல்லுச்சு. தனக்குத் தெரியலைங்கறதே அதுக்குத் தெரியாதில்லீங்களா?"

சொல்லிவிட்டு அதைக் குப்பை டப்பாவில் போடப் போனான். நான் வேண்டாம் என்று கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வண்டிக்குள் ஒரு தாம்பூலப் பை கிடந்தது. அதில் சுற்றி டேஷ்போர்டுப் பெட்டிக்குள் வைத்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறது. தெய்வானை தூக்கி எறியச் சொல்வதில்லை.

வண்டி சரியாகிவிட்டது. புகை இல்லை. மஞ்சள் விளக்கு அணைந்தது, முருகனுக்கு ஒளிவட்டம் போனதுதான் குறை. பெட்ரோல் வாடை துளிகூட இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் ஆமாம் என்றேன். நன்றிக்காக ஹக்கீமை இன்றைக்குக் கல்யாணம் நடத்துகிற இந்தத் தேங்காய் மண்டிக்காரர் வீட்டு முதல் கல்யாணத்துக்கு, அதுவும் இதே மண்டபம்தான், சாப்பிடக் கூப்பிட்டேன். இனி ரசத்துக்கு ஒரு குறையும் வராது, காரே பக்கத்தில் நின்றாலும் வராது என்று தைரியமாக, கடைசிக் கையை நானே தாராளமாக விட்டேன். கார் வாடை இல்லாத முதல் ரசம் அல்லவா?

ஹக்கீம் இலையில் ரசம் ஊற்றினார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். ஒரு வாய் குடித்தான். கண்ணை மூடிக்கொண்டான். தண்ணீர் டம்ளரை எடுத்து முழுக்கக் குடித்தான்.

"எப்படி?" என்றேன்.

"மாஸ்டர்," என்றான், "ரசம் ரொம்ப ரிச்சா இருக்குதுங்க."

வாழ்க்கையில் அப்படி ஒரு பாராட்டு நான் வாங்கியதில்லை. உடனே இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னேன். அவன் இலையை மூடிவிட்டு எழுந்தான். நேராகச் சமையல்கட்டுக்குப் போய், நாச்சிமுத்துவையும், அன்றைக்குக் கூடமாட ஒத்தாசைக்கு வந்திருந்த தெய்வானையையும் கூப்பிட்டுக்கொண்டு கார்ப்பக்கம் போனான். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று பேரும் அதற்குப் பின்னால் நின்று வெகுநேரம் பேசினார்கள். இன்னும் ஏதாவது கோளாறோ என்று எனக்குக் கவலையாக இருந்தது. தெய்வானைக்கு எஞ்சினில் என்ன அக்கறை என்றும் தோன்றியது.

திரும்பி வந்து ஹக்கீம் சொன்னான். "மாஸ்டர், அன்னிக்கு ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். வண்டியில மூக்கு ஒண்ணு இல்லீங்க, ரெண்டு. முன்னால இருக்கறது வேலைக்காரன். நிமிசத்துக்கு நிமிசம் அவன் சொல்லைக் கேட்டுத்தான் பெட்ரோல் போகும். பின்னால, புகையைச் சுத்தம் பண்ற டப்பாவுக்கு அந்தப்பக்கம் இன்னொருத்தர் இருக்கறார். அவர் அடுப்பு வேலையில கையை வெக்க மாட்டார். எல்லாம் முடிஞ்சு கடைசியா வர்றதை மோந்து பாத்து மேலிடத்துக்குச் சொல்லுவார். அவ்வளவுதான்."

"அப்படியென்றால் அவர் சூப்பர்வைசர்."

"அதைத்தானுங்க சொல்ல வந்தேன். உங்களை மாதிரி அனுபவஸ்தருக்குப் பின்னால இருக்கற சீட்டுதானே பொருத்தம்? இந்த வயசுல அனல்ல நிக்கலாமா? இங்க ஒரு நாற்காலி. டம்ளர்ல ரசம் வரும். நீங்க பாத்துச் சொல்லுங்க. நாச்சிமுத்து செய்யட்டும்."

நான் ஒத்துக்கொள்ளவில்லை, தம்பி. அப்படி லேசில் ஒத்துக்கொள்வேனா? "கடைசிக் கை?" என்று கேட்டேன். நாச்சிமுத்து அடுப்பைத் தணிக்கக் குனிந்தான். "கடைசிக் கை யாருடையது, அதைச் சொல்லுங்கள்" என்றேன். எனக்கே குரல் கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

தெய்வானை முன்னால் வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து சமையல்கட்டு விஷயத்தில் வாய் திறக்காதவள். "கையை அவன் வெச்சுக்கட்டும்ங்க," என்றாள், "வாக்கை நீங்க வெச்சுக்கங்க. நீங்க சொன்னாப் போதும். நான் அவன் பக்கத்திலேயே நின்னு பாத்துக்கறேன்." சொல்லும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. என்ன என்று கேட்டேன். வெங்காயம் என்றாள். அன்றைக்கு வெங்காயம் சேர்க்காத சமையல்.

அதற்குப் பிறகுதான் இந்த நாற்காலி. அதற்குப் பிறகு ஒரு பந்தியில்கூடப் புகார் கிடையாது. இலையில் ரசம் மிஞ்சுவதில்லை. இன்றைக்கு நீங்களே எழுந்து வந்துவிட்டீர்கள். மேற்பார்வை சரியாக இருந்தால் தொழில் எப்படி நிமிர்கிறது, பாருங்கள். முன்னாலேயே இதைச் செய்திருக்க வேண்டும். எல்லாம் அந்த வண்டி சொல்லிக்கொடுத்தது.

இதோ, இரண்டாம் பந்தி ரசம் வந்துவிட்டது.

"மச்சான், பாத்துச் சொல்லுங்க."

கொடு மாப்ளே. ம்... புளி சரி. உப்பு சரி. நாக்குக்கு எல்லாம் தெரிகிறது. காயம்தான் பத்தலை. இன்னும் ஒரு கை விடு.

"ஆகட்டுங்க மச்சான்."

பார்த்தீர்களா? ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினானா? இப்போது உள்ளே போய்க் காயத்தண்ணீரை விடுவான். இங்கிருந்து தெரியாது. அனல் அடிக்கக் கூடாது என்று நாற்காலியை அடுப்புக்கு முதுகு காட்டிப் போட்டிருக்கிறார்கள். தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, தெய்வானை பக்கத்தில் நிற்கிறாள்.

டம்ளரில் இன்னும் பாதி இருக்கிறது. நீங்கள் கொஞ்சம் முகர்ந்து பாருங்கள், தம்பி. வெளியாள், உண்மையைச் சொல்வீர்கள். காயம் கம்மிதானே?

என்ன? சரியாக இருக்கிறதா? கமகமவென்று வருகிறதா?

இன்னொரு தரம் பாருங்கள். நிதானமாக.

நிஜமாகவா?

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தம்பி. உங்களுக்கும் சளி பிடித்திருக்கிறது. இந்தக் காலத்தில் யாருக்கு இல்லை? வீட்டுக்குப் போய் ஆவி பிடியுங்கள். நொச்சி, மஞ்சள், இரண்டு சொட்டுத் தைலம், போர்வையை நன்றாக இழுத்து மூடிக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் சூடு மட்டும்தான் தெரியும், பயந்துவிடக் கூடாது. விடாமல் பிடிக்க வேண்டும். நான் இன்றைக்குக் காலையில்கூடப் பிடித்தேன்.